அண்ணன் காரும் பச்சை பெல்ட்டும்!

உங்க வீட்டுல கார் இருக்கா? அண்ணனோ, தம்பியோ, ஃப்ரெண்டோ 'நம்ம வண்டிக்கு ரேஸ் பெல்ட் மாட்டுனா செம கெத்தா இருக்கும்ல'ன்னு கிளம்பியிருக்காங்களா? அப்படின்னா இந்தப் பக்கத்தை விரிச்சபடியே அவங்க சாப்பிடுற இடத்துல போட்டு வைங்க. ஏன்னா, நான் மாட்டினேன். யாரோ மாட்டினதைப் பார்த்து எழுதலை. என் கையால டிரில் போட்டு, என் கையால நட்டு முறுக்கி மாட்டினேன். அந்தப் பெருமையைத்தான் இப்போ உங்ககிட்ட ஒப்பிக்கப் போறேன்.

முதல்ல ஒரு சின்ன இன்ட்ரோ. ஊர், நாகமலை புதுக்கோட்டை. தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டை இல்லீங்க... மதுரையிலிருந்து தேனி ரோட்டைப் பிடித்து, காளவாசல் தாண்டி, காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போகிற வழியில் வருமே, அந்தப் புதுக்கோட்டை. ஊருக்குப் பக்கத்திலேயே நாகமலை பாம்பு மாதிரி நீட்டிப் படுத்திருக்கும். படிப்பு, மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், மூன்றாம் வருஷம். கிளாஸில் அறுபது பேர், அதில் பெண்கள் நாலு பேர். காலேஜ் 'பாஜா' டீமிலும் இருக்கிறேன். இரும்புக் குழாய்களை வளைத்து, வெல்டிங் வைத்து, மேடு பள்ளத்தில் ஓடுகிற ஒற்றை சீட்டு வண்டியை மாணவர்களே செய்து போட்டிக்குக் கொண்டுபோவோமே, அதுதான் பாஜா. இந்தூர் பக்கம் பீதம்பூரில் நடக்கும். அந்த டீமில் இருக்கிறேன் என்கிற ஒரே காரணத்தால், எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் நான் பாதி ஆட்டோமொபைல் கம்பெனி. மிக்ஸி ரிப்பேர் ஆனால்கூட எனக்குத்தான் போன் வரும்.

பெரியம்மா பையன், அதாவது அண்ணன், பக்கத்துத் தெருவில் இருக்கிறான். 2008 மாடல் ஸ்விஃப்ட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, அதை மனைவி மாதிரி... சரி, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அதனால் மனைவியைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டான். ஏர்பேக் இல்லாத வண்டி. அண்ணன் கொலவெறி அஜித் ரசிகன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சியில் அஜித் கார் தடுப்பில் மோதி, கிறுகிறுவென்று சுற்றி நின்றதே, ஞாபகம் இருக்கா? கார் நொறுங்கிப்போய் நிற்க, மனுஷன் எதுவும் ஆகாமல் இறங்கி வந்தார். அடுத்த சில நாட்களிலேயே அவருடைய டீம் தன் பிரிவில் மூன்றாவது இடம் வாங்கியது. அந்த வீடியோவை அண்ணன் எத்தனை தடவை பார்த்தான் என்பதற்குக் கணக்கே இல்லை.

"பாத்தியா? எல்லாம் அந்த பெல்ட்டு செஞ்ச வேலை. நம்ம வண்டியில ஒத்தைப் பட்டையைக் குறுக்கால போட்டுக்கிட்டு ஓட்டுறோம். அவரு தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டுன்னு கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. எது ஸேஃப்டி? நீயே சொல்லு."

கேட்கும்போது லாஜிக் சரியாகத்தானே இருக்கு? எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாலு, மூணைவிடப் பெரிசு. எங்கள் பாஜா வண்டியிலேயே குறைந்தது ஐந்து முனை ஹார்னஸ் இல்லாமல் தொழில்நுட்பச் சோதனையைத் தாண்ட முடியாது. ஆக, ரேஸ் பெல்ட் என்றால் பாதுகாப்பு. முடிந்தது கணக்கு!

ஆன்லைனில் பெல்ட் வந்து இறங்கியது. கிளிப்பச்சை நிறம். பிரபல ஜப்பான் கம்பெனி ஒன்றின் பெயர் பட்டையில் பெரிசு பெரிசாக. (அந்தப் பெயரில் உலகம் முழுக்க டுபாக்கூர் பச்சை பெல்ட்டுகள் உலா வருகின்றன என்பதும், ஒரிஜினல் கம்பெனியே ஏர்பேக் விவகாரத்தில் 2017-ல் திவாலானது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.) நாலு முனை, நடுவில் ஒரு பக்கிள். எங்கே மாட்டுவது? இடுப்புப் பட்டையின் வெளிப்பக்க முனையை கம்பெனி பெல்ட் மாட்டியிருந்த அதே போல்ட்டில் மாட்டினேன். உள்பக்க முனைக்குத் தரையில் புதுசாக ஒரு ஓட்டை. தோள் பட்டை ரெண்டுக்கும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பின்சீட்டுக்காரர்கள் கால் வைக்கிற இடத்தில் ரெண்டு ஓட்டை. ஹார்டுவேர் கடையில் வாங்கிய 10 எம்.எம். கண் போல்ட், அடியில் ஆளுக்கொரு வாஷர். கழற்றிய பழைய பெல்ட்டைச் சுருட்டி டிக்கியில் போட்டோம்.

டிரில் மெஷினை எங்க ஏரியா வெல்டிங் பட்டறை பாய்கிட்ட வாங்கினேன். "எதுக்கு பாப்பா?" என்றார். "காலேஜ் புராஜெக்ட் பாய்" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் மெஷினைக் கொடுத்திருக்க மாட்டார் என்பது உள்மனசுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்க. அந்தப் பொய்தான் இன்னைக்கு வரைக்கும் உறுத்துது.

ஒன்பது நாள் ஸீன் போட்டோம். அண்ணன் பெட்டிக்கடைக்குப் போவதற்குக்கூட 'டக், டக்'கென்று மாட்டிக்கொண்டுதான் கிளம்புவான். பெரியம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "என்னடா இது, மாட்டை வண்டியில பூட்டுன மாதிரி!" என்று சிரிப்பார்.

பத்தாவது நாள் சாயங்காலம். உசிலம்பட்டியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணன் ஸ்டீயரிங்கில், நான் பக்கத்து சீட்டில். எனக்கு கம்பெனி கொடுத்த சாதா மூணு முனை பெல்ட்தான். செக்கானூரணிக்கு முன்னால், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்னால் விளக்கே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் பிரேக்கில் ஏறி நின்றான். வேகம் குறைந்தது, ஆனால் முழுசாகக் குறையவில்லை. மோதும்போது 30 கிலோமீட்டர் வேகம் இருந்திருக்கும்.

30 என்பது சைக்கிளை விட்டால் அடுத்த வேகம் என்றுதானே நினைக்கிறோம்? ஒரு ஃபிஸிக்ஸ் கணக்கு போட்டுடுவோம், பயப்படாதீங்க, ஒரே வரிதான். 30 கி.மீ. வேகத்தில் போகிற உடம்பு 40 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிற்க வேண்டுமென்றால், அது புவியீர்ப்பைப் போல 9 மடங்கு வேகக்குறைப்பு. அண்ணன் எடை 70 கிலோ. ஆக, அவனைப் பிடித்து நிறுத்த பெல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து 600 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். இதுவே 50 கி.மீ. வேகத்தில், அரை மீட்டருக்குள் நின்றால் 20 மடங்கு. அப்போது அது கிட்டத்தட்ட 1,400 கிலோ. அந்த ஸ்விஃப்ட் காரின் எடையைவிட அதிகம்!

எனக்கு இடது தோளில் ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான். இறங்கி, டிராக்டர்காரரிடம் சண்டை போடக்கூடத் தயாராகிவிட்டேன். அண்ணன் இறங்கவில்லை. "வயிறு வலிக்குது" என்றான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால், தொப்புளுக்குப் பக்கத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் பட்டை அகலத்துக்கு ஒரு கன்றல்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே டாக்டரின் முகம் மாறியது. இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பெல்ட் தடம் வயிற்றில் இருந்தால், உள்ளே குடல், மண்ணீரல் எதிலாவது அடிபட்டிருக்கலாம், முதல் ஸ்கேனில் தெரியாமல் பிறகுகூடத் தெரியவரலாம் என்றார். "ராத்திரி முழுக்க வெச்சுப் பாக்கணும்" என்றவர், ஒரு கேள்வி கேட்டார். "பெல்ட் எப்படி இவ்வளவு மேல வந்துச்சு?"

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனில் அந்த ராத்திரி முழுக்க நான் படித்ததெல்லாம், பெல்ட்டை மாட்டுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியவை. உலக மோட்டார் பந்தயங்களுக்கெல்லாம் தலைமை அமைப்பு எஃப்.ஐ.ஏ. அவர்களுடைய விதிப்புத்தகத்தில் 'பின்னிணைப்பு ஜே, பிரிவு 253' என்று ஒன்று. பந்தயக் காரில் ஹார்னஸை எங்கே, எப்படி மாட்ட வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் செய்தது ஒவ்வொன்றும் அதில் இருந்தது, 'செய்யக் கூடாது' என்ற பக்கத்தில்!

முதலில் தோள் பட்டை. தோளிலிருந்து பின்னால் போகிற பட்டை கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்தில் போக வேண்டும். கீழே இறங்கினால் 10 டிகிரிக்குள் இருப்பது நல்லது, எந்தக் காரணத்துக்கும் 45 டிகிரியைத் தாண்டவே கூடாது. நான் தரையில் மாட்டியிருந்தேனே, அதை அப்புறம் அளந்து பார்த்தேன். 65 டிகிரி! இதனால் என்ன ஆகும்? உடம்பு முன்னால் பாயும்போது பட்டை அதைப் பின்னால் இழுப்பதற்குப் பதிலாக, தோளைக் கீழே அமுக்கும். பட்டையில் 500 கிலோ இழுவை வந்தால், 65 டிகிரியில் அதில் 450 கிலோ கீழ்நோக்கிப் போகிறது. 10 டிகிரியில் அதுவே 90 கிலோகூட இல்லை. அந்த 450 கிலோவைத் தாங்க வேண்டியது யார்? முதுகுத்தண்டு. அண்ணனுக்கு முதுகு தப்பியதற்குக் காரணம் என்னுடைய இன்ஜினீயரிங் இல்லை. வேகம் கம்மி, அத்துடன் பட்டை அமுக்கியதில் சீட்டின் முதுகே நசுங்கி வளைந்துவிட்டது. சாய்வு சீட்டு அந்த மாதிரி சுமைக்காகச் செய்யப்பட்டது இல்லையே!

அடுத்தது, வயிறு. டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நாலு முனை பெல்ட்டில் தோள் பட்டையும் இடுப்புப் பட்டையும் ஒரே பக்கிளில் சந்திக்கின்றன. தோள் பட்டையை இறுக்க இறுக்க, அது பக்கிளை மேலே தூக்கும். பக்கிளோடு இடுப்புப் பட்டையும் ஏறி, இடுப்பெலும்பை விட்டுவிட்டு வயிற்றுக்கு வந்துவிடும். மோதும்போது இடுப்பு அதன் அடியில் நழுவிப் போகும். நீர்மூழ்கி மாதிரி அடியில் போவதால் இதற்கு 'சப்மரைனிங்' என்றே பெயர். இதைத் தடுக்கத்தான் ஐந்தாவது, ஆறாவது பட்டைகள். கால்களுக்கு நடுவில் போய், பக்கிளைக் கீழே பிடித்து வைப்பவை. பார்க்கக் கொஞ்சம் காமெடியாக இருக்கும். எங்கள் டீமில் பையன்கள் அதைக் கலாய்க்காத நாளில்லை. ஆனால், அந்தப் பட்டையின் வேலையே குடலைக் காப்பாற்றுவது. வீட்டு காரின் சீட்டில் அதை நுழைப்பதற்கு ஓட்டையே கிடையாது. பக்கெட் சீட் வேண்டும். சில ஜெர்மன் தயாரிப்பு நாலு முனை பெல்ட்டுகளில் மட்டும், ஒரு பக்கத் தோள் பட்டை கொஞ்சம் அதிகமாக நீளும்படி மடித்துத் தைத்து, மூணு முனை பெல்ட்டைப் போலவே உடம்பு லேசாகத் திரும்பும்படி செய்கிறார்கள். நம்ம பச்சை பெல்ட்டில் அதெல்லாம் இல்லை. இருந்தது ஸ்டிக்கர் மட்டும்தான்.

மூணாவதாக, போல்ட். விஷயம் தெரிந்த ஆட்களுக்கு இதைப் படிக்கும்போது கோபமே வரும், மன்னிச்சுக்கோங்க. புதுசாக ஒரு மாட்டுமிடம் போட்டால், தகட்டுக்கு அடியில் குறைந்தது 3 எம்.எம். தடிமனில், 40 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இரும்புத் தகடு கொடுக்க வேண்டும். தோள் பட்டைக்கும் இடுப்புப் பட்டைக்கும் ஒவ்வொரு முனையும் 1,470 டெக்கா நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் தாங்க வேண்டும். சீட்டிலோ சீட்டின் காலிலோ மாட்டவே கூடாது. நான் போட்ட வாஷரின் பரப்பைக் கணக்குப் போட்டேன். 4 சதுர சென்டிமீட்டர்கூட வரவில்லை. வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு! கார் தரை என்பது மெல்லிய தகடு. பிஸ்கட் டப்பாவில் ஆணியை இறக்கி இழுத்தால் எப்படிப் பிய்த்துக்கொண்டு வருமோ, அப்படித்தான். நல்ல போல்ட்டின் தலையில் 8.8 என்று எண் போட்டிருக்கும். முதல் 8, அது 800 மெகாபாஸ்கல் வரை இழுவை தாங்கும் என்பதற்கு. புள்ளிக்குப் பிறகு வரும் 8, அந்த அளவில் 80 சதவிகிதம் வரை வளைந்து இளகாது என்பதற்கு. மெஷின் டிசைன் பேப்பரில் இதை எழுதி மார்க் வாங்கியவள் நான். என் கண் போல்ட்டில் எந்த எண்ணும் இல்லை. வாங்கும்போது நான் தேடவும் இல்லை.

மறுநாள் மதியம், 'உள்ளே ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன். பெரியம்மா தன் முந்தானையை எடுத்துக் கொடுத்தார்.

கார், பாய் பட்டறைக்கு வந்தது. சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கியதும் பாய் ஒரு நிமிஷம் பேசவில்லை. ரெண்டு கண் போல்ட்டில் ஒன்று, வாயைத் திறந்த கொக்கி மாதிரி விரிந்திருந்தது. இன்னொன்றின் அடியில் வாஷர் தகட்டுக்குள் பாதி இறங்கிக் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது.

"இதுதான் காலேஜ் புராஜெக்டா?"

"..."

"இன்னும் பத்து கிலோமீட்டர் வேகமா போயிருந்தா, இது பிடுங்கிட்டு பெல்ட்டோட அவன் கண்ணாடியில இருந்திருப்பான் பாப்பா."

பாய் இன்ஜினீயரிங் படிக்கவில்லை. ஆனால், முப்பது வருஷமாக நொறுங்கிய கார்களை நிமிர்த்துகிறார். எது பிடுங்கும், எது பிடுங்காது என்று அவருக்குத் தெரியும்.

'சரி, நல்ல பெல்ட்டா வாங்கி, நல்ல போல்ட்டா போட்டு, விதிப்படி மாட்டியிருந்தா?' இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். அண்ணனுக்கும் வந்தது. வயிற்றில் கன்றலோடு படுத்துக்கொண்டே கேட்டான், கில்லாடி! அதனால் அதையும் பேசிடுவோம். என்னைப் பொறுத்தவரை விஷயமே இங்கேதான் இருக்கு.

அஜித்தைக் காப்பாற்றியது பெல்ட் மட்டும் இல்லை. உடம்போடு அச்சு வார்த்த மாதிரி ஒட்டியிருக்கும் அசையாத பக்கெட் சீட், அதைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டு, தலையில் ஹெல்மெட், கழுத்தில் 'ஹான்ஸ்'. இதில் எதை எடுத்தாலும் மற்றவை எல்லாம் வில்லனாக மாறிவிடும்.

ஹான்ஸ் கதையைக் கொஞ்சம் கேளுங்க. ஹார்னஸ் உடம்பை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. ஆனால், தலை? அது சுமார் 5 கிலோ, ஹெல்மெட் போட்டால் இன்னும் ஒன்றரை கிலோ. உடம்பு நின்றுவிட, தலை மட்டும் முன்னால் பாய்கிறது. 20 மடங்கு வேகக்குறைப்பில் ஹெல்மெட்டோடு அது 130 கிலோ. அத்தனையையும் கழுத்து ஒன்றே பிடிக்க வேண்டும். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்துபோகும். 1994-ல் இமோலாவில் ரோலண்ட் ராட்ஸன்பெர்கர் இறந்தது இந்தக் காயத்தோடுதான். 2001 பிப்ரவரி 18-ல், அமெரிக்காவின் சூப்பர் ஸ்டார் ரேஸர் டேல் எர்ன்ஹார்ட், டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சுவரில் மோதி இறந்ததும் இதே காயத்தால்தான். இத்தனைக்கும் இதற்குத் தீர்வு அப்போதே கையில் இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், அவருடைய மைத்துனரும் ரேஸருமான ஜிம் டவுனிங்கும் எண்பதுகளிலேயே ஹான்ஸைக் கண்டுபிடித்திருந்தார்கள். தோளில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை வார் போட்டுப் பிடித்துக்கொள்கிற ஒரு காலர். 'இறுக்கமா இருக்கு, திரும்ப முடியலை' என்று ரேஸர்கள் மாட்டவில்லை. எர்ன்ஹார்ட் போன அதே வருஷம் அக்டோபரில் 'நாஸ்கார்' இந்த மாதிரி தலை, கழுத்துக் காப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது. 2003-ல் ஃபார்முலா ஒன். ஒரு கருவி ஜெயிக்க இருபது வருஷமும் சில உயிர்களும் தேவைப்பட்டிருக்கு.

இப்போ சொல்லுங்க, தேனி ரோட்டில் ஹான்ஸும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போக முடியுமா? ஹெல்மெட் இல்லாமல் கூண்டு மட்டும் போட்டால், சின்ன மோதலிலேயே தலை இரும்புக் குழாயில் போய் 'ணங்'. கூண்டு இல்லாமல் ஹார்னஸ் மட்டும் போட்டால், கார் உருண்டு கூரை அமுங்கும்போது நீங்கள் குனியவும் முடியாது, சாயவும் முடியாது. விறைப்பாக உட்கார்ந்து கூரையைத் தலையால் தாங்க வேண்டியதுதான். ஏர்பேக் இருக்கிற வண்டி என்றால், அந்த ஏர்பேக்கின் கணக்கே மூணு முனை பெல்ட்டோடு முன்னால் வருகிற உடம்பை வைத்துப் போட்டது. புது கார்களின் பெல்ட், மோதிய கணத்தில் தானாக இறுகி, பிறகு நெஞ்செலும்பு நொறுங்காதபடி கொஞ்சம் விட்டும் கொடுக்கும். அந்த மெஷினைக் கழற்றிவிட்டு, விட்டே கொடுக்காத பட்டையை மாட்டுவதை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, நான் ரொம்ப ரசித்த விஷயம். மூணு முனை பெல்ட்டை 1959-ல் வால்வோ கம்பெனிக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன்னால் அவர் 'சாப்' கம்பெனியில் போர் விமானங்களுக்கு, பைலட்டைத் தூக்கி வெளியே எறிகிற சீட் செய்துகொண்டிருந்தவர். பைலட்டைக் கட்டிவைக்கிற பலமுனைப் பட்டைகள் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர், சாதாரண மனுஷனின் காருக்கு வந்ததும் மூணு முனையோடு நிறுத்திக்கொண்டார். ஒற்றைக் கையால், ஒரே இழுப்பில் மாட்டிக்கொள்கிற மாதிரி இருந்தால்தான் ஜனங்கள் மாட்டுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த டிசைனை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வால்வோவும் விட்டுக்கொடுத்தது. ஆக, நாம 'ஒத்தைப் பட்டை' என்று கிண்டல் பண்ணுவது, ஹார்னஸ் தெரியாதவன் செய்தது இல்லை. ஹார்னஸை நல்லாத் தெரிந்தவன் செய்தது!

சட்டத்தையும் ஒரு எட்டு பார்த்துடலாம். கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. சீட் பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹார்னஸில் எஃப்.ஐ.ஏ. முத்திரை இருந்தாலும், அது பந்தயத்துக்கான முத்திரை, சாலைக்கானது இல்லை. அந்த முத்திரையிலும் எந்த வருஷத்துக்குப் பிறகு செல்லாது என்று அச்சிட்டிருப்பார்கள். பட்டை வெயிலிலும் வியர்வையிலும் வலுவிழக்கும் இல்லையா? எங்களுடையதில் வருஷமும் இல்லை, ஹோலோகிராமும் இல்லை.

ரேஸ் ஆசை தப்பா? நிச்சயமா இல்லை. சொல்லப்போனால் நம்ம ஊரைவிட்டா இந்தியாவில் ரேஸுக்கு வேறு எந்த ஊர்? சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ஓட்டிய காலத்திலிருந்து, 1990-ல் வந்த இருங்காட்டுக்கோட்டை டிராக், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா கார் கட்டிய கோவை கரிவரதன், அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ராத்திரி ரேஸ்... எல்லாம் தமிழ்நாடுதான். ஹார்னஸுக்கான இடம் அங்கே. கூண்டு போட்ட வண்டி, பக்கெட் சீட், ஆறு முனை, ஹான்ஸ், பக்கத்திலேயே ஆம்புலன்ஸ். எங்கள் பாஜா வண்டியில் எல்லாம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், அத்தனையையும் கழற்றிக்கொண்டு 5 விநாடிக்குள் வெளியே வந்து காட்ட வேண்டும். அண்ணன் அந்தப் பச்சை பெல்ட்டைக் கழற்ற எவ்வளவு நேரம் எடுத்தான் தெரியுமா? டிராக்டரில் மோதியபோது நான் என் பெல்ட்டைக் கழற்றி, சுற்றிப் போய், அவன் பக்கத்துக் கதவைத் திறந்து, பக்கிளோடு மல்லுக்கட்டி... ஒரு நிமிஷம் இருக்கும். வண்டி தீப்பிடித்திருந்தால் என்று இப்போ யோசிக்க வேண்டாம். நான் யோசித்துவிட்டேன், ரெண்டு ராத்திரி தூங்கலை.

பழைய பெல்ட் டிக்கியில் பத்திரமாக இருந்தது. பாய் பக்கத்தில் நின்றுகொண்டார், கை வைக்கவில்லை. "நீதானே கழட்டுன? நீயே மாட்டு" என்றார். மாட்டினேன். ஒரிஜினல் போல்ட், ஒரிஜினல் ஓட்டை. டார்க் ரென்ச்சில் 'கிளிக்' சத்தம் கேட்கும் வரை முறுக்கினேன். பட்டையை வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொண்டது, மெதுவாக இழுத்தால் வந்தது. வளைந்த சீட்டுக்கு பதில் பழைய வண்டிச் சாமான் கடையிலிருந்து ஒரு சீட் வாங்கிப் போட்டோம். தரையில் நான் போட்ட மூணு ஓட்டைகளையும் பாய் தகடு வைத்து வெல்டிங் பண்ணி அடைத்தார்.

பச்சை பெல்ட் இப்போது பட்டறையில்தான் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் கீழே விழாமல் தூணோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார் பாய். அண்ணன் கோவையில் கார்ட்டிங் டிராக்குக்குப் போய் ஓட்டிப் பார்க்கக் காசு சேர்க்கிறான். வயிற்றுக் கன்றல் மஞ்சளாகி மறைய மூணு வாரம் ஆச்சு.

வெல்டிங் கூலி, சீட், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து பாய் கணக்கை என் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கட்டுரைக்கு வரும் சன்மானம் நேராக அங்கேதான் போகுது. அதுவும் பத்தாது, பாக்கி ரெண்டு மாசத் தவணை.